கென் புக்கானன்: ஒரு தோல்வியால் மட்டும் நினைவுகூரப்படும் சாம்பியன்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்தின் கென் புக்கானன் லைட்வெயிட் எனும் எடைப்பிரிவின் உலகப் பட்டத்தை இரண்டு ஆண்டுகள்கூட வைத்திருக்கவில்லை, பனாமா வீரர் ரொபர்டோ டூரானிடம் தோற்றவர் என்ற அளவில்தான் பலருக்கும் அவரைத் தெரியும். அப்படியிருக்க, ஸ்காட்லாந்து தந்த மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்று அவரை ஏன் சொல்கிறார்கள்? டூரானுடனான சண்டையில் அவருக்கு அநீதி நடந்ததா? அவருடைய சண்டைகளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டம் அவர் கையில் இருந்தது 1970 செப்டம்பர் 26 முதல் 1972 ஜூன் 26 வரை, சரியாக 21 மாதங்கள். இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால் புக்கானனை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. அவர் மொத்தம் ஐந்து முறை உலகப் பட்டத்துக்காகச் சண்டையிட்டார்: சான் ஹுவான், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்கில் இரண்டு முறை, கடைசியாக டோக்கியோ. ஐந்தில் ஒன்றுகூடப் பிரிட்டன் மண்ணில் நடக்கவில்லை. குத்துச்சண்டையில் சொந்த ஊரில் சண்டையிடுவது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பழகிய தட்பவெப்பம், பழகிய உணவு, நெருக்கமான சுற்றில் நீதிபதிகளின் காதில் விழும் கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவை எல்லாம் எப்போதும் எதிராளியின் பக்கமோ, பொதுவாகவோதான் இருந்தன. புக்கானனின் பக்கம் ஒருமுறைகூட இருந்ததில்லை.

அவர் 1945 ஜூன் 28 அன்று எடின்பரோவில் பிறந்தார். சிறுவயதில், ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படத்தைப் பார்த்துவிட்டுத் தானும் குத்துச்சண்டை கற்க வேண்டும் என்று அடம்பிடித்ததாகவும், தந்தை டாமி அவரை ஊரிலிருந்த ஸ்பார்ட்டா சங்கத்தில் சேர்த்துவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பிழைப்புக்குத் தச்சு வேலை பயின்றார். 1965இல் பிரிட்டனின் அமெச்சூர் சங்கம் நடத்திய தேசியப் போட்டியில் ஃபெதர்வெயிட் பட்டம் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் தொழில்முறை வீரரானார்.

தொழில்முறை வாழ்க்கையின் தொடக்கம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் சண்டை லண்டனிலுள்ள நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் நடந்தது. அந்தக் காலத்து விருந்துக் கிளப்புகளில் பார்வையாளர்கள் கறுப்புக் கோட்டும் போ டையும் அணிந்து, இரவு உணவை முடித்துச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மேசைகளைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். சுற்று நடக்கும்போது யாரும் குரல் எழுப்பக் கூடாது; மணி அடித்த பிறகுதான் கைதட்டலாம். ரிங்கில் இருப்பவருக்குத் தன் காலணி தரையில் உரசுவதும் எதிராளியின் மூச்சும் மட்டுமே கேட்கும். டிக்கெட் வாங்கி வரும் பொதுமக்கள் அங்கே இல்லை. எனவே ஒரு வீரருக்கென்று ரசிகர் கூட்டம் வளரவும் வழியில்லை. புக்கானன் தன் ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பகுதியை இப்படித்தான் கழித்தார். 1968 பிப்ரவரியில் மாரிஸ் கல்லனை 11ஆவது சுற்றில் நாக்அவுட் செய்து பிரிட்டிஷ் லைட்வெயிட் பட்டத்தை வென்றதுகூட லண்டன் ஹோட்டல் ஒன்றில், இத்தகைய விருந்துக் கூட்டத்தின் முன்புதான். தேசிய சாம்பியனாகியும் அவரைத் தன் நாட்டு மக்களில் மிகச் சிலரே நேரில் பார்த்திருந்தார்கள்.

அவருடைய மேலாளரும் பயிற்சியாளருமான எட்டி தாமஸ் வேல்ஸ் நாட்டின் மெர்த்தர் டிட்ஃபிலைச் சேர்ந்தவர். முன்னாள் பிரிட்டிஷ், ஐரோப்பிய வெல்டர்வெயிட் சாம்பியன். நிலக்கரிச் சுரங்க மண்ணில் வளர்ந்தவர். ஃபெதர்வெயிட் உலகச் சாம்பியன் ஹோவர்ட் வின்ஸ்டனை உருவாக்கியவரும் அவரே. இடது கை ஜாப் எனும் நேர்க்குத்தை வைத்தே முழுச் சண்டையையும் கட்டியெழுப்பும் முறையில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. புக்கானனின் உடல்வாகும் அதற்கு ஏற்றதாக அமைந்தது. நிமிர்ந்த நிலை, நீண்ட இடது கை, ஓயாமல் நகரும் கால்கள், 15 சுற்றுகளுக்கும் குறையாத மூச்சு. இருவருக்கும் இடையில் உரசல்கள் இல்லாமல் இல்லை. வாய்ப்புகள் வரவில்லை என்ற சலிப்பில் 1969இல் புக்கானன் ஓய்வை அறிவித்துவிட்டுத் தச்சு வேலைக்கே திரும்பினார். பின்னர் மனம் மாறி வந்தார்.

1970 ஜனவரியில் மாட்ரிட்டில் ஐரோப்பியப் பட்டத்துக்காக மிகேல் வெலாஸ்கெஸுடன் மோதி, பாயிண்டுகளில், அதாவது நீதிபதிகளின் மதிப்பெண் கணக்கில், முதல் தோல்வியைச் சந்தித்தார். அதுவரை 33 சண்டைகளில் அவரை யாரும் வென்றதில்லை. அந்த வெலாஸ்கெஸும் சாதாரண ஆளல்ல. பின்னாளில் லைட் வெல்டர்வெயிட்டில் உலகப் பட்டம் வென்றவர்.

எட்டே மாதங்களில் வந்தது சான் ஹுவான். உலகச் சாம்பியன் இஸ்மாயில் லகூனா பனாமா நாட்டவர். 1965இல் ஒருமுறை, 1970 மார்ச்சில் மறுமுறை என இருதடவை பட்டம் வென்றிருந்த, மிக வேகமான, உயரமான வீரர். சண்டை புவெர்ட்டோ ரிக்கோவில், திறந்தவெளி பேஸ்பால் மைதானத்தில், வெயில் நேரத்தில் வைக்கப்பட்டது. வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. எடின்பரோவில் கோடையில்கூட யாரும் அனுபவிக்காத வெயில் அது. பனாமாவில் வளர்ந்தவருக்கு அது வழக்கமான பிற்பகல். வெளிறிய தோல்கொண்ட இந்த ஸ்காட்லாந்துக்காரர் பத்தாவது சுற்றுக்குள் தானாகவே துவண்டுவிடுவார் என்பதே பொதுவான கணிப்பாக இருந்தது. நடந்தது நேர்மாறு. கடைசிச் சுற்றுகளில் முன்னால் நடந்து சென்று தாக்கியவர் புக்கானன்தான். 15 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நீதிபதிகளில் இருவர் அவருக்கு வெற்றியளித்தனர். 1917இல் ஃப்ரெடி வெல்ஷ் பட்டத்தை இழந்ததற்குப் பிறகு, லைட்வெயிட் உலகப் பட்டத்தைக் கைப்பற்றிய முதல் பிரிட்டிஷ்காரர் ஆனார் அவர். வெளியூரில், எதிராளிக்குச் சாதகமான வெயிலில், பட்டம் வைத்திருப்பவரிடமிருந்து பாயிண்டுகளில் பட்டத்தைப் பறிப்பது என்பது இந்த விளையாட்டில் மிக அரிதாகவே நடப்பது. ஸ்காட்லாந்து வீரர் எவரும் பெற்ற வெற்றிகளில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

சொந்த நாட்டில் இதற்குக் கிடைத்த வரவேற்பு என்ன? உலகக் குத்துச்சண்டை அப்போது டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி. என்ற இரு அமைப்புகளாகப் பிளவுபட்டிருந்தது. பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு வாரியம் டபிள்யூ.பி.சி.யின் பக்கம் நின்றது. புக்கானன் வென்றதோ டபிள்யூ.பி.ஏ. அங்கீகரித்த பட்டம். ஆகவே சாம்பியனை ரிங்கிலேயே வென்று வந்தவரைத் தன் நாட்டு வாரியம் உலகச் சாம்பியனாக ஏற்க மறுத்தது. அமைப்புகளின் சண்டையில் வீரர்கள் நசுங்குவது இன்றும் நடக்கிறது; ஆனால் இந்த அளவுக்கு அப்பட்டமான உதாரணம் குறைவு. அமெரிக்கர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர் சங்கம் 1970ஆம் ஆண்டின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தது. முகமது அலி தடைக்குப் பிறகு ரிங்குக்குத் திரும்பிய ஆண்டு அது. ஜோ ஃப்ரேசியர் ஹெவிவெயிட் சாம்பியனாக உச்சத்தில் இருந்த ஆண்டும் அதுதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அலி, ஆஸ்கார் போனவேனாவுடன் மோதிய அதே நிகழ்ச்சியில், தன்னைவிட எடை கூடிய கனடா வெல்டர்வெயிட் டொனாட்டோ படுவானோவைப் புக்கானன் பத்துச் சுற்றுகளில் வென்றார். அன்று இரவு அலியுடன் ஒரே உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொண்டதைப் பின்னாளில் அவர் பலமுறை மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார்.

1971 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில், காயத்தால் விலகிய மாண்டோ ராமோஸுக்குப் பதிலாக வந்த ரூபன் நவாரோவை 15 சுற்றுகளில் வென்றபோதுதான் டபிள்யூ.பி.சி. பட்டமும் சேர்ந்தது, வாரியமும் வேறு வழியின்றி அவரை ஏற்றது. அந்த ஒற்றுமை சில மாதங்களே நீடித்தது. லகூனாவுக்கு மறுவாய்ப்புத் தர ஒப்புக்கொண்டதால், ஸ்பெயினின் பெட்ரோ கராஸ்கோவுடன் மோதவில்லை என்று காரணம் காட்டி டபிள்யூ.பி.சி. ஜூன் மாதமே பட்டத்தைப் பறித்தது. இரு அமைப்புகளின் பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் என்ற சிறப்பு அவருக்கு அப்படியே நின்றது. 2021இல் ஜோஷ் டெய்லர் லைட் வெல்டர்வெயிட்டில், நான்காகப் பெருகிவிட்ட அமைப்புகளின் பட்டங்கள் அனைத்தையும் ஒன்றிணைத்தபோது, ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று புக்கானனின் பெயரைத்தான் எல்லோரும் எடுத்தார்கள்.

லகூனாவுடனான இரண்டாவது சண்டை 1971 செப்டம்பர் 13 அன்று மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. சண்டையின் ஆரம்பப் பகுதியிலேயே புக்கானனின் இடது கண்ணுக்குக் கீழ் வீங்கிப் பார்வையை மறைக்கத் தொடங்கியது. ஜாப் அடிப்பவருக்குத் தூரத்தை அளக்கும் கண் போனால் எல்லாம் போயிற்று. சுற்றுகளுக்கு இடையே கிடைப்பது ஒரே ஒரு நிமிடம். அந்த நேரத்துக்குள் எட்டி தாமஸ் சவர பிளேடால் வீக்கத்தைக் கீறி, தேங்கிய இரத்தத்தை வெளியேற்றி, கண்ணைத் திறக்கச் செய்தார். இன்றைய விதிகளின்படி இப்படிச் செய்ய யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது. கீறல் சற்றே தவறியிருந்தால் சண்டை அங்கேயே நின்றிருக்கும். புக்கானன் எழுந்து சென்று மீதிச் சுற்றுகளையும் சண்டையிட்டு, இம்முறை மூன்று நீதிபதிகளின் தீர்ப்பிலும் வென்றார்.

இனி டூரான். 1972 ஜூன் 26, மீண்டும் மாடிசன் ஸ்கொயர் கார்டன். 18 ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டம். டூரானுக்கு 21 வயது, தோல்வியே காணாதவர். புக்கானனுக்கு 27 வயது நிறைய இரண்டு நாட்கள் இருந்தன. முதல் சுற்றின் தொடக்கத்திலேயே புக்கானனின் கையுறை தரையைத் தொட, அது வீழ்த்தலாக எண்ணப்பட்டது. அதற்குப் பிறகு டூரான் ஓயவே இல்லை. தலையால் முட்டினார், முழங்கையால் இடித்தார், கயிற்றோரம் தள்ளி உடலில் குத்தினார். விதிக்கு உட்பட்டதும் உட்படாததும் ஒன்றோடொன்று கலந்து வந்தன. நடுவர் ஜானி லோபியாங்கோ அதைக் கட்டுப்படுத்த முனைப்புக் காட்டவில்லை. 13ஆவது சுற்று முடிவதற்கான மணி அடித்தது. அதன் பிறகும் இருவரும் குத்துகளைப் பரிமாறிக்கொண்டிருக்க, டூரானின் அடியொன்று இடுப்புக்குக் கீழே விழுந்தது. புக்கானன் கவட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். குத்து வயிற்றில்தான் விழுந்தது என்று சொல்லி லோபியாங்கோ சண்டையை நிறுத்தி, டூரானை வெற்றியாளராக அறிவித்தார்.

அநீதியா என்றால், ஆம். மணிக்குப் பிறகு விழுந்த, இடுப்புக்குக் கீழான அடியால் ஒரு சாம்பியன் பட்டத்தை இழக்கக் கூடாது. குறைந்தபட்சம் அவர் தேறி எழ அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். அந்த அடியின் வேதனை பல ஆண்டுகள் தன்னை விடவில்லை என்று புக்கானன் கடைசிவரை சொல்லிவந்தார். ஆனால் அந்த அடி இல்லாவிட்டால் அவர் வென்றிருப்பார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. 12 சுற்றுகள் முடிந்த நிலையில் மூன்று அதிகாரிகளின் கணக்கிலும் டூரான் வெகுதூரம் முன்னால் இருந்தார். எஞ்சிய இரண்டு சுற்றுகளில் டூரானை நாக்அவுட் செய்தால் மட்டுமே புக்கானனுக்குப் பட்டம் தங்கியிருக்கும். அதற்கான அறிகுறி எதுவும் அன்று தெரியவில்லை. சண்டையை இழந்துகொண்டிருந்தார் என்பதும், முடிவு முறையற்றது என்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

உண்மையான அநீதி, என் பார்வையில், அதற்குப் பிறகு நடந்ததுதான். லகூனாவிடம் பட்டத்தை வென்ற புக்கானன் ஓராண்டுக்குள் அவருக்கு மறுவாய்ப்புக் கொடுத்தார். அதற்காகவே தன் இன்னொரு பட்டத்தையும் இழந்தார். அப்படிப்பட்டவருக்கு டூரான் தரப்பு மறுவாய்ப்புத் தரவே இல்லை. டூரான் அந்தப் பட்டத்தை 12 முறை தக்கவைத்து, 1979இல் தானாகத் துறந்தார். அடுத்த ஆண்டு சுகர் ரே லெனார்டையே வென்று, எல்லாக் காலத்துக்குமான பெரும் வீரர்களில் ஒருவராக நிலைபெற்றார். புக்கானன் தோற்றது அத்தகைய மனிதரிடம். ஆனால் 1972இல் அது யாருக்கும் தெரியாது. தெரியவந்த பிறகும் இரண்டாம் முறை மோதிப் பார்க்கும் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. மூன்றே மாதங்களில் அதே கார்டனுக்குத் திரும்பி, முன்னாள் சாம்பியன் கார்லோஸ் ஒர்டிஸை ஆறு சுற்றுகளோடு விலகச் செய்தார். ஒர்டிஸின் கடைசிச் சண்டை அதுவே. 1973 ஜனவரியில் கிளாஸ்கோவின் அல்பனி ஹோட்டலில், மீண்டும் ஒரு விருந்துக் கிளப்பில், பிரிட்டிஷ் சாம்பியன் ஜிம் வாட்டை 15 சுற்றுகளில் பாயிண்டுகளில் வென்றார். கல்லன், பிரையன் ஹட்சன், வாட் ஆகிய மூவரையும் பட்டப் போட்டிகளில் வென்றதால், பிரிட்டிஷ் சாம்பியனுக்கு வழங்கப்படும் லான்ஸ்டேல் பெல்ட் அவருக்கே நிரந்தரமாகச் சொந்தமானது. உலகப் பட்டம் வைத்திருந்த ஒருவரும், உலகப் பட்டம் பெறவிருந்த ஒருவரும் என ஸ்காட்லாந்தின் இரு பெரும் லைட்வெயிட்கள் மோதியது இந்த ஒரே ஒருமுறைதான். அதையும் ஹோட்டல் கூடத்தில் விருந்தினர்கள் மட்டுமே பார்த்தார்கள்.

இங்கே வாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் ஒப்பிட்டால்தான் புக்கானன் இழந்தது என்ன என்று விளங்கும். கிளாஸ்கோவைச் சேர்ந்த இடது கைக்காரரான வாட், 1979இல் கெல்வின் ஹாலில் அல்ஃப்ரெடோ பிடலுவாவை வென்று காலியாயிருந்த டபிள்யூ.பி.சி. பட்டத்தைப் பெற்றார். அதைத் தக்கவைத்த நான்கு சண்டைகளும் கிளாஸ்கோவில்தான் நடந்தன. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹோவர்ட் டேவிஸை வென்றது ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தில். 1981இல் அலெக்சிஸ் அர்குவெயோவிடம் பட்டத்தை இழந்ததும் லண்டன் வெம்ப்ளியில். வாட்டின் வெற்றிகள் முழுக்க முழுக்க அவர் உழைப்பால் வந்தவை. அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் பட்டம் காக்கும் வாய்ப்பு ஒரு ஸ்காட்லாந்து லைட்வெயிட்டுக்கு என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவரை வென்ற புக்கானனுக்கு அது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974இல் இத்தாலியின் கல்யாரியில் அந்தோனியோ புட்டுவை வென்று ஐரோப்பியச் சாம்பியனானார். 1975 பிப்ரவரியில் டோக்கியோவில், டபிள்யூ.பி.சி. சாம்பியன் கட்ஸ் இஷிமாட்சுவிடம் பாயிண்டுகளில் தோற்றார். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பியப் பட்டத்தைத் தக்கவைத்துவிட்டு ஓய்வு பெற்றார். அப்போது அவருடைய கணக்கில் மூன்றே தோல்விகள் இருந்தன: மாட்ரிட், நியூயார்க், டோக்கியோ. 1979இல் பணத் தேவையால் திரும்பி வந்து, கோபன்ஹேகனில் சார்லி நாஷிடம் ஐரோப்பியப் பட்டப் போட்டியில் தோற்றார். மூன்று மாதங்கள் கழித்து அந்த நாஷைத்தான் வாட் கிளாஸ்கோவில் நான்கு சுற்றுகளில் வீழ்த்தினார். 1982 ஜனவரியில் முற்றிலும் விலகியபோது 69 சண்டைகளில் 61 வெற்றி, 8 தோல்வி. பிரிட்டன் மண்ணில் அவர் தோற்றது 1981இல்தான் தொடங்கியது, 35 வயதுக்குப் பிறகு. நேரம் முடியும் முன்பே சண்டை நிறுத்தப்பட்டு அவர் தோற்றது வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதுவும் டூரானின் அந்த அடிக்குப் பிறகு.

ஓய்வுக்குப் பின் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. சம்பாதித்தது நிற்கவில்லை, தச்சு வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. 2000இல் அமெரிக்காவின் கனஸ்டோடாவிலுள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கடைசி ஆண்டுகளில் நினைவிழப்பு நோய் பற்றியது. 2022 ஆகஸ்டில் எடின்பரோ அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது; 2023 ஏப்ரல் 1 அன்று, 77ஆம் வயதில் காலமானார். சிலை அவர் உயிரோடு இருக்கும்போதே எழுந்தது எனக்கு ஆறுதல் தருகிறது, அது முப்பது ஆண்டுகள் முன்பே எழுந்திருக்க வேண்டியது என்றாலும்.

எதை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு: டூரான் சண்டையிலிருந்து தொடங்க வேண்டாம். 1971இன் லகூனா சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் தனக்கு நிகரானவருக்கு எதிராக அவருடைய இடது கை எப்படி வேலை செய்கிறது என்பது அதில்தான் முழுமையாகத் தெரியும். ஜாப் போய்த் திரும்பும்போது அவர் கால்கள் ஏற்கெனவே அரை அடி பக்கவாட்டில் நகர்ந்திருப்பதைக் கவனியுங்கள். எதிராளி திருப்பியடிக்கும் இடத்தில் அவர் இருப்பதில்லை. வீங்கிய கண்ணோடு பிற்பாதிச் சுற்றுகளில் தூரத்தை எப்படிச் சரிசெய்துகொள்கிறார் என்றும் பாருங்கள். அதன் பிறகு டூரான் சண்டைக்கு வந்தால், 13ஆவது சுற்றின் கடைசி நொடிகளுக்கு ஓடாமல், நடுச் சுற்றுகளைப் பொறுமையாகப் பாருங்கள். அதே ஜாப்பைத் தாண்டி டூரான் உள்ளே நுழைய எந்தக் கோணத்தில் தலையைச் சாய்க்கிறார், எத்தனை அடி வாங்கிக்கொண்டு நுழைகிறார் என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.